ஜாக்கி தூக்கும், தாங்காது

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வருஷம் இதே மேடையில் ஒரு நண்பர் சேமிப்பைப் பற்றிப் பேசினார். அதற்கு முந்தைய வருஷம் சர்க்கரை வியாதி. இந்த வருஷம் செயலாளர் எனக்கு போன் போட்டு, "நீ ஏதாவது பேசுப்பா" என்றார். "எனக்கு என்னங்க தெரியும்? பி.எஸ்ஸி. இயற்பியலைத் தட்டுத் தடுமாறி முடிச்சேன். முப்பது வருஷத்துக்கு மேலா ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒர்க்ஷாப் வெச்சிருக்கேன். வண்டியைத் தவிர ஒண்ணும் தெரியாது" என்றேன். "அப்போ வண்டியைப் பத்தியே பேசு" என்று சொல்லிவிட்டார். அதனால் இன்றைக்கு நான் பேசப்போவது ஜாக்கியைப் பற்றி.

சிலர் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். வாசலில் இத்தனை கார் நிற்கிறது. உங்கள் வண்டியில் ஜாக்கி எங்கே இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள். ஐம்பது பேரில் பத்துக் கை. சரி, அந்த ஜாக்கியை ஒரு முறையாவது வெளியே எடுத்துப் பார்த்தவர்கள்? நாலு கை. அதில் ஒன்று என் கை! இதற்காகத்தான் பேச வந்தேன்.

தம்பிகள் இப்போது சனி, ஞாயிறு ஆனால் ஜீப் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஈ.சி.ஆர். தார் ரோடு அவர்களுக்குப் போதவில்லை. சவுக்குத் தோப்புப் பாதை, பாலாற்று மணல், வற்றின ஏரி என்று இறங்கிவிடுகிறார்கள். தப்பென்று சொல்லவில்லை. 1947-ல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்த மகேந்திரா நிறுவனம், 2012-ல் நம் செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே மகேந்திரா வேர்ல்ட் சிட்டியில் ஆராய்ச்சி நிலையம் திறந்துவிட்டது. ஜீப் நம் ஊர்ப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. ஆனால் ரோட்டை விட்டு இறங்குகிறவனுக்கு ரோட்டில் போகிறவனுக்கு இருக்கிற வசதி கிடையாது. பஞ்சர்கடை கிடையாது. தட்டையான தரை கிடையாது. கூப்பிட்டால் ஓடிவர ஆளும் கிடையாது. அங்கே உங்களுக்கும் இரண்டு டன் இரும்புக்கும் நடுவில் இருப்பது அந்த ஜாக்கி ஒன்றுதான்.

முதலில் ஒரு கதை சொல்கிறேன். கதை இல்லை, நடந்தது.

2004 டிசம்பர் 26, சுனாமி. நம் கடற்கரை என்ன ஆனது என்பது இங்கே பெரியவர்களுக்குத் தெரியும். மாமல்லபுரம், கொக்கிலமேடு, கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் என்று குப்பம் குப்பமாகத் தண்ணீர் புகுந்தது. நாலாம் நாள், எங்கள் செட்டு ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து அரிசி, போர்வை, பாத்திரம் எல்லாம் ஒரு பழைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போய், சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்துக்கு இறங்குகிற மணல் பாதை. உடைந்த படகுகளின் ஆணி எங்கே பார்த்தாலும் கிடந்தது. பின்பக்க வலது டயர் பஞ்சர்.

வண்டி நின்ற இடம் சரிவு. மூட்டையை இறக்கவில்லை, "அஞ்சு நிமிஷ வேலை, எதுக்கு இறக்கணும்?" என்றோம். ஜாக்கியை நேராக மணலில் வைத்தோம். நான்தான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன். கூட இருந்த நண்பன், "முட்டுக்கல்லு ஏதாச்சும் வெக்கட்டுமாடா?" என்று கேட்டான். "ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேன்டா, கியர்ல இருக்கு, நீ வேலையைப் பாரு" என்றேன். இந்த வார்த்தையை நான் மறக்கவே முடியாது.

பஞ்சரான சக்கரத்தைக் கழற்றிவிட்டோம். ஸ்டெப்னி உள்ளே போகவில்லை. ஏன்? காற்றில்லாத டயர் சப்பி இருக்கும். கொஞ்சம் தூக்கினாலே வெளியே வந்துவிடும். காற்று நிரப்பின ஸ்டெப்னிக்கு இன்னும் நாலு விரற்கடை உயரம் வேண்டும். ஜாக்கியோ மணலில் பாதி புதைந்துவிட்டது. மேலே ஏற இடமில்லை. நண்பன் என்ன செய்தான், பிரேக் டிரம்முக்குக் கீழே கையை விட்டு மணலைத் தோண்ட ஆரம்பித்தான். வண்டி ஒரு அடி முன்னால் நகர்ந்தது. ஒரே ஒரு அடி. ஜாக்கி சாய்ந்தது. டிரம் அவன் கையின் மேல் உட்கார்ந்தது.

கீழே மணலாக இருந்ததால் கை முழுசாகப் போகவில்லை. இரண்டு விரல் போயிற்று. வலது கை. அவர் இன்றைக்கு இந்த அரங்கத்தில்தான் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "நீ மேடையில ஏறப்போறேன்னா என் விரலைப் பத்திப் பேசு, நாலு பிள்ளைங்களுக்காவது உதவட்டும்" என்று சொன்னதும் அவர்தான். அதனால் தைரியமாகச் சொல்கிறேன். அன்றைக்கு நாங்கள் செய்த தப்பு ஒன்றல்ல, ஐந்து. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் தப்பு, ஹேண்ட்பிரேக்கை நம்பியது. வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. பின்னால் போகிற ஷாஃப்டைத்தான் பிடிக்கும். கியரில் நிறுத்தினாலும் அதே கதைதான், அதுவும் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. இரண்டு சக்கரமும் தரையில் இருக்கிறவரை வண்டி நகராது. ஒரு சக்கரத்தைத் தூக்கிவிட்டால்? நடுவில் டிஃபரென்ஷியல் இருக்கிறது. திருப்பத்தில் ஒரு சக்கரம் வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் சுற்ற வழி செய்கிற பல்சக்கரப் பெட்டி அது. ஷாஃப்ட் நின்றிருந்தாலும், தரையில் இருக்கிற சக்கரம் முன்னால் சுற்றும், அந்தரத்தில் இருக்கிற பக்கம் பின்னால் சுற்றும். பிரேக் போட்ட வண்டி, பிரேக் போட்டபடியே உருளும். இயற்பியல் படித்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. அவசரத்தில் ஞாபகம் வரவில்லை.

இப்போது வருகிற கார்களில் ஹேண்ட்பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்தையே நேராகப் பிடிக்கும். பழைய ஜீப்புக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் கியர் விஷயத்தில் பெரும்பாலான கார்கள் விதிவிலக்கு இல்லை: இன்ஜின் சுழற்றுகிற இரண்டு சக்கரத்தில் ஒன்றைத் தூக்கிவிட்டால், கியர் பிடிமானம் போயிற்று. ஆகவே, எந்த வண்டியானாலும், ஜாக்கியைத் தொடுவதற்கு முன்னால் முட்டுக்கட்டை.

முட்டுக்கட்டை போடுவது என்றால் நம் பேச்சு வழக்கில் கெட்ட வார்த்தை மாதிரி ஆகிவிட்டது. காரியத்தைக் கெடுக்கிறவனைத்தான் அப்படிச் சொல்கிறோம். திருக்கழுக்குன்றத்தில் சித்திரைத் தேர் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அத்தனை பேர் வடம் பிடித்து இழுக்கிற தேரை, ஓடுகிற சக்கரத்துக்குக் கிட்டே நின்று, ஒரு மரக்கட்டையைச் செருகித் திருப்புகிறவனும் நிறுத்துகிறவனும் அந்த முட்டுக்கட்டைக்காரன்தான். அவன் இல்லாவிட்டால் தேர் வீதியில் நிற்காது, யார் வீட்டுக்குள்ளாவது போய்த்தான் நிற்கும். மாமல்லபுரத்து ஐந்து ரதத்துக்கு மட்டும்தான் முட்டுக்கட்டை தேவையில்லை, அது கல். மற்ற எல்லாவற்றுக்கும் வேண்டும். தூக்கப்போகிற சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கட்டை. சரிவாக இருந்தால், தரையில் நிற்கிற மற்றச் சக்கரங்களுக்கும் பள்ளத்துப் பக்கம் வையுங்கள். சரிவு அதிகமானால் வண்டியைத் தூக்கவே வேண்டாம். டயர் கிழிந்தாலும் பரவாயில்லை, சமதரைக்கு உருட்டிக்கொண்டு போங்கள். டயர் வாங்கலாம், விரல் வாங்க முடியாது.

இரண்டாவது தப்பு, ஜாக்கியை நேராக மணலில் வைத்தது. இங்கே ஒரு சின்னக் கணக்கு. வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 2000 கிலோ என்று வையுங்கள். ஒரு மூலையைத் தூக்கினால் ஜாக்கியின் மேல் சுமார் 500 கிலோ. பாட்டில் ஜாக்கியின் அடி பத்துக்குப் பத்து சென்டிமீட்டர், அதாவது 100 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. காய்ந்த மணல் இதைத் தாங்காது. வண்டி மேலே போகாது, ஜாக்கிதான் கீழே போகும். அதே ஜாக்கிக்கு அடியில் நாற்பதுக்கு நாற்பது சென்டிமீட்டரில் ஒரு பலகை போடுங்கள். 1600 சதுர சென்டிமீட்டர். இப்போது அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 0.3 கிலோ. எழுபது கிலோ ஆள் மணலில் நடக்கும்போது ஒற்றைக் காலில் விழுகிற அழுத்தமே கிட்டத்தட்ட அரை கிலோ வரும். அதாவது, பலகை போட்டால் ஜாக்கி மணலை அழுத்துகிற அழுத்தம் உங்கள் காலடியைவிடக் குறைவு! ஒரு பலகைத் துண்டில் இவ்வளவு விஷயம் இருக்கிறது.

பலகை கெட்டியாக இருக்க வேண்டும். மெல்லிய பிளைவுட் நடுவில் வளைந்துவிடும். வளைந்தால் நடுப்பகுதி மட்டும்தான் சுமை தாங்கும், கணக்கு கெட்டுப்போகும். ஒன்றரை அங்குல மரப்பலகை நல்லது. மேல் மணலைக் கையால் தள்ளிவிட்டு, ஈரமணல் தெரிகிறவரை சமப்படுத்தி, பலகையைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று இரண்டு மிதி மிதித்துவிட்டு அப்புறம் ஜாக்கி வையுங்கள். ஏரிக்குள் இறங்குகிறவர்களுக்கும் இதேதான். நம்முடையது ஏரி மாவட்டம். கோடையில் ஏரி மண் மேலே பாளம் பாளமாக வெடித்து, பார்க்கச் சிமெண்ட் மாதிரி இருக்கும். அடியில் சேறு. மேலே தெரிவதை நம்பாதீர்கள்.

மூன்றாவது தப்பு, வண்டிக்குப் பொருந்தாத ஜாக்கி. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், கடையில் வாங்கப்போகிறவர்களுக்கு உதவும்.

காரோடு வருவது பெரும்பாலும் கத்தரி ஜாக்கி. திருகைச் சுற்றச் சுற்ற நடு மடிப்பு நிமிர்ந்து உயரும். எடை குறைவு, விலை குறைவு, எண்ணெய் ஒழுகும் பிரச்சினை இல்லை. ஆனால் அடி சின்னது, உயரம் குறைவு. தார் ரோட்டுக்கும் சமதரைக்கும் அது போதும். ரோட்டை விட்டு இறங்கினால் போதாது.

இரண்டாவது, பாட்டில் ஜாக்கி. பாஸ்கல் விதி என்று படித்தோமே, அதுதான். சின்ன உருளையில் கொடுக்கிற அழுத்தம் பெரிய உருளையில் பல மடங்கு பலமாக வருகிறது. ஜீப் வகைக்கு மூன்று டன் பாட்டில் ஜாக்கி நல்ல துணை. இதைச் சேஸிஸில் கொடுப்பதைவிட ஆக்ஸிலுக்கு அடியில் கொடுப்பது மேல். ஏனென்றால் சேஸிஸைத் தூக்கினால் முதலில் ஸ்பிரிங் விரியும். ஜாக்கி பாதி உயரம் ஏறின பிறகும் சக்கரம் தரையிலேயே இருக்கும். ஆக்ஸிலைத் தூக்கினால் சக்கரம் உடனே எழும்பும். இது கட்டையான ஆக்ஸில் உள்ள வண்டிகளுக்கு. மற்ற வண்டிகளில் கையேட்டில் குறிப்பிட்ட இடம் தவிர வேறெங்கும் வைக்காதீர்கள். மின்சாரக் காராக இருந்தால் இன்னும் கவனம். வயிறு முழுக்க பேட்டரி, தப்பான இடத்தில் ஜாக்கி பட்டால் அதோடு தீர்ந்தது.

மூன்றாவது, ஆளுயரத்துக்கு ஒரு இரும்புத் தண்டவாளம் மாதிரி நிற்குமே, ஹை-லிஃப்ட் ஜாக்கி. தம்பிகளுக்கு இதன்மேல் ஒரு மோகம். ஜீப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு போனால் ஒரு கம்பீரம். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்கிறார்கள். பண்ணை வேலைக்காக வந்தது. நாலடி, ஐந்தடி உயரத்தில் வருகிறது. புதைந்த சக்கரத்தை உயரமாகத் தூக்க இதைப்போல வேறில்லை. ஆனால் மனிதனை அடிப்பதிலும் இதைப்போல வேறில்லை. முதலில், உங்கள் வண்டியில் கெட்டியான இரும்பு பம்பர் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பம்பர் வைத்த வண்டிக்கு இது அழகுக்குக்கூட வேண்டாம். இரண்டாவது, கைப்பிடி. பாதி வழியில் கை வழுக்கினால், அத்தனை சுமையும் சேர்ந்து கைப்பிடியை மேலே வீசும். தாடை, பல், நெற்றி எது குறுக்கே இருந்தாலும் போயிற்று. முகத்தைக் கைப்பிடி போகிற பாதைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள். மேலே ஏற்றுவதிலிருந்து கீழே இறக்குவதற்கு மாற்றும்போது, கைப்பிடியைத் தண்டோடு ஒட்டி நிறுத்திவிட்டுத்தான் மாற்று விசையைத் தட்ட வேண்டும். ஏறிப்போகிற முள் இரண்டிலும் மணல் அடைத்திருந்தால் அது பாதியில் பிடிக்காமல் வழுக்கும். தினமும் துடைத்து எண்ணெய் விடாதவன் இதை வாங்கவே வேண்டாம். உயரப் போகப்போக வண்டி ஊஞ்சல் மாதிரி ஆடும். சக்கரத்துக்கு அடியில் பலகை செருகுகிற உயரம் வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

நாலாவது, காற்றுப் பை. வண்டியின் புகைக்குழாயில் குழாய் மாட்டி ஊதுகிற பெரிய பை. அறுபது சென்டிமீட்டர் குறுக்களவு என்றால் 2800 சதுர சென்டிமீட்டருக்கு மேல் பரப்பு. மணலுக்கு அருமை, புதையாது. ஆனால் சூடான சைலன்சரோ கூரான இரும்போ பட்டால் கிழிந்துவிடும். அது உருண்டை, ஆடும். அதன்மேல் வண்டியை நிறுத்திச் சக்கரம் கழற்றக்கூடாது.

எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது மூன்று. எத்தனை டன் தாங்கும்? முழுக்க இறக்கினால் எவ்வளவு உயரம்? முழுக்க ஏற்றினால் எவ்வளவு உயரம்? இதில் நடுக்கேள்வியை யாரும் கேட்பதில்லை. டயர் சப்பினால் ஆக்ஸில் இறங்கிவிடும். அப்போது ஜாக்கி அடியில் நுழைய வேண்டுமே! வாங்கின அன்றைக்கே வீட்டு வாசலில், முட்டுக்கட்டை போட்டு, ஒரு டயரில் காற்றை இறக்கிப் பாருங்கள். ஜாக்கி நுழைகிறதா, காற்று நிரம்பின ஸ்டெப்னி மாட்டுகிற அளவுக்கு ஏறுகிறதா? இதைச் செய்திருந்தால் என் நண்பன் மணலில் கையை விட்டிருக்க மாட்டான்.

இன்னொன்று. புதுக் கார் வாங்குகிறவர்கள் ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். ட்யூப் இல்லாத டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் அடைக்கும் சாமான் இவை இருந்தால் ஸ்டெப்னி வேண்டாம் என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்திவிட்டது. ஸ்டெப்னி இல்லாத வண்டியில் ஜாக்கியும் இருக்கும் என்று நம்ப முடியாது.

நாலாவது தப்பு, மூட்டையை இறக்காதது. இதற்கு விளக்கம் வேண்டாம். ஆளும் இறங்க வேண்டும், சாமானும் இறங்க வேண்டும். குழந்தை உள்ளே தூங்குகிறது என்று விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாவது தப்புதான் பெரியது. ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விட்டது. ஜாக்கியின் வேலை தூக்குவது. தாங்குவது அதன் வேலை இல்லை. சென்னையில் பள்ளமான பகுதிகளில் வீட்டையே ஜாக்கி போட்டு உயர்த்துகிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? நூற்றுக்கணக்கில் ஜாக்கி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஏற்றுவார்கள். ஏறினபிறகு என்ன செய்கிறார்கள்? அடியில் செங்கல் வைத்துக் கட்டிவிட்டு ஜாக்கியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தூக்கினது ஜாக்கி, தாங்குவது செங்கல். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஒர்க்ஷாப்பில் இரும்பு ஸ்டாண்ட் இருக்கிறது. காட்டில்? உங்களிடமே இருக்கிறது, ஸ்டெப்னி. சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஸ்டெப்னியைப் படுக்கவைத்து, ஜாக்கிக்குப் பக்கத்தில் சேஸிஸுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். பஞ்சரான சக்கரம் வெளியே வந்ததும், அதை உள்ளே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுங்கள். ஜாக்கி வழுக்கினாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் உட்காரும், உங்கள் மேல் உட்காராது. அன்றைக்கு ஜீப்பில் ஸ்டெப்னி இருந்தது, எங்கள் பக்கத்திலேயே கிடந்தது. நாங்கள்தான் அதை உள்ளே தள்ளவில்லை.

மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறை சரிவில் நிற்கிறது. 1908-ல் கவர்னர் லாலி ஏழு யானை கட்டி இழுத்தும் அசையவில்லை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அதன் நிழலில் உட்கார்ந்து நாமெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டவர்கள்தான். பாறை நின்றுவிட்டது என்பதற்காக நம் ஜாக்கியும் நிற்கும் என்று நினைக்கக்கூடாது. வண்டிக்குக் கீழே தலை, கை, கால் எதுவும் போகக்கூடாது. ஒரு போல்ட் உருண்டு உள்ளே போய்விட்டதா? குச்சியால் தள்ளி எடுங்கள்.

இனி வேலையின் வரிசை. தம்பிகள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளலாம். சமதரை. ஆள், சாமான் இறக்கு. ஹேண்ட்பிரேக், கியர், இருந்தால் நாலு சக்கர ஓட்டமும் போடு. முட்டுக்கட்டை. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைப் பாதிச் சுற்று தளர்த்து. தூக்கினபிறகு ஸ்பேனர் போட்டு மிதித்தால் வண்டி ஆடும். பலகை, அதன்மேல் ஜாக்கி, செங்குத்தாக. சக்கரம் எழும்புகிற அளவுக்கு மட்டும் ஏற்று. ஸ்டெப்னியை அடியில் தள்ளு. மாட்டினபிறகு நட்டுகளைக் குறுக்கு மூலையாக முடுக்கு. இறக்கினபிறகு ஸ்பேனரால் கடைசி முடுக்கு. ஐம்பது கிலோமீட்டர் போனபிறகு இறங்கி மறுபடி ஒரு முறை முடுக்கிப் பார்.

மணலில் புதைந்துவிட்டால் எடுத்த எடுப்பில் ஜாக்கிக்குப் போகாதீர்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டும். நிறுத்துங்கள். டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால் 18 பவுண்டு வரை இறக்குங்கள். டயர் அகலமாகப் படியும், பலகைக் கணக்கேதான். சக்கரத்துக்கு முன்னால் மணலை அள்ளுங்கள். பாதிக்கு மேல் வண்டிகள் இதிலேயே வெளியே வந்துவிடும். வராவிட்டால்தான் ஜாக்கி: சக்கரத்தைத் தூக்கு, குழியில் மணலைத் தள்ளி அதன்மேல் பலகை போடு, இறக்கு, மெதுவாக ஓட்டு. ரோடு ஏறினதும் காற்றை நிரப்பிவிடுங்கள். குறைந்த காற்றில் வேகம் போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

கடற்கரையைப் பற்றி ஒரு வார்த்தை. அலை ஓரத்து ஈரமணல் கெட்டியாகத் தெரியும். வண்டி நின்றால் இளகும். கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறும். நீங்கள் ஜாக்கி போட்டு முடிக்கிறவரை அது காத்திருக்காது. அதோடு, ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமை முட்டையிடுகிறது. மீனவர்களின் வலை காய்கிறது. அது அவர்கள் வீட்டு வாசல். விளையாட்டுக்காக வண்டியை அங்கே இறக்காதீர்கள்.

கடைசியாக, ஜாக்கியைப் பராமரிப்பது. நம் ஊர் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். பாட்டில் ஜாக்கியின் தண்டில் துரு புள்ளி விட்டால், அது ஏறி இறங்கும்போது சீலைக் கீறும், எண்ணெய் ஒழுகும், சுமையோடு தானாக இறங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துத் துடைத்து, ஏற்றி இறக்கிப் பாருங்கள். எண்ணெய் குறைந்தால் ஜாக்கி எண்ணெய்தான் விட வேண்டும். பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் ஊறிப் போய்விடும். நிமிர்த்தியே வையுங்கள்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் முட்டுக்கல் வைக்கச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடித்ததற்கு என் நண்பன் இடது கையால் கையெழுத்துப் போடப் பழக ஆறு மாதம் ஆயிற்று. என்னை அவன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவன் சொல்லாததை நான் இங்கே சொல்லிவிட்டேன்.

சாப்பாடு முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, வாசலில் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஜாக்கி இருக்கிறதா, ஸ்பேனர் இருக்கிறதா, பலகை, முட்டுக்கட்டை இருக்கிறதா? கட்டை இல்லாதவர்கள் என் ஒர்க்ஷாப்புக்கு வாருங்கள். சங்கத்துப் பிள்ளைகளுக்குக் கட்டைக்குக் காசு வாங்க மாட்டேன்.